தளர்ந்த உடலும் இதய மருந்தும்

இல்லத்தில் முதியவர் ஒருவருக்கு இதய நோய் வந்துவிட்டால், இரத்தக் குழாய் மீண்டும் அடைத்துக்கொள்ளுமோ என்ற ஓர் அச்சமே குடும்பம் முழுவதையும் ஆட்கொள்கிறது. ஆகவே மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்து வருகிறோம். அது நன்றே. ஆயினும் அம்மருந்துகளாலேயே நேரக்கூடிய மற்றோர் ஆபத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்றோர்க்கு ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் போன்ற மற்றொரு மருந்தும் சேர்த்துத் தரப்படுகின்றன. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியோர்க்கு வார்ஃபரின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. இவை யாவும் இரத்தம் கட்டியாக உறைவதைத் தடுப்பவை. ஆனால் இரைப்பையில் ஒரு சிறு புண் இருப்பினும், அதில் கசியும் குருதி எளிதில் நிற்பதில்லை.

2019ஆம் ஆண்டில் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுகோலின்படி, 75 வயது நிறைந்திருத்தல் தனித்து நின்றால் ஒரு சிறு காரணமே. இரத்தசோகை, சிறுநீரகக் குறைவு, நெடுநாளாக வலி மாத்திரை உண்ணுதல் ஆகியவற்றுள் ஒன்று அதனோடு சேரும்போது ஆபத்து மிகுதியாகிறது. எனவே வயதைவிட உடலின் நிலையையே கூர்ந்து நோக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவர்தம் குழுவினரும் 2001இல் முதுமைத் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களைக் கூறினர். தானாக எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குன்றுதல் என்பனவே அவை. இவற்றுள் மூன்று காணப்பட்டால் அவர் தளர்ந்தவரே. அத்தகையோர் தடுக்கி விழுந்தால் தலைக்குள் இரத்தம் கசியவும் கூடும். மருத்துவர் காண்பது நாற்காலியில் அமர்ந்திருக்கும் தந்தையை. அந்நாற்காலியிலிருந்து எழ அவர் படும் பாட்டைக் காண்போர் வீட்டிலுள்ள நாமே. அதை மருத்துவரிடம் எடுத்துரைப்பது நமது கடமை.

அப்படியாயின் மருந்தை நிறுத்திவிடலாமா? கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் தாமாக மருந்தை நிறுத்தினால், அதனுள் இரத்தம் உறைந்து உயிருக்கே இறுதியாகலாம். இரத்தக் கசிவு ஆபத்து மிகுந்த ஏறத்தாழ 4,500 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், ஒருவகை ஸ்டென்ட் வைத்தோர்க்கு ஒரு மாதத்திற்குப் பின் இரு மருந்துகளில் ஒன்றை நிறுத்தியதால் கசிவு குறைந்தது. மாரடைப்போ மரணமோ கூடவில்லை. மாறாக, 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தளர்ந்த முதியோரைப் பழைய வார்ஃபரின் வகை மருந்திலிருந்து புதிய மருந்துக்கு மாற்றியபோது கசிவு மிகுந்தது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஆய்ந்து முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

நாம் செய்யத்தக்கன சில உள. நோயுற்றோரைக் காண இல்லந்தோறும் செல்கையில், இதய மாத்திரைகளுக்கு அருகே கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரைகளையும் காண்கிறோம். அவை இரைப்பையைப் புண்ணாக்குபவை. மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. நாட்டு மருந்து உட்பட உண்பவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். குளியலறைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மலம் தார்போல் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, "ஒன்றுமில்லை" என்று பெரியவர் சொன்னாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தொல்லை தரலாகாது என்று வலியை மறைப்பது பெற்றோரின் இயல்பு. கேட்டறிவது பிள்ளைகளின் பொறுப்பு.