மின்னூலின் பூட்டு: சாவி யார் கையில்?

காசு கொடுத்து வாங்கிய புத்தகம் திறக்க மறுக்கிறது. இந்தக் கருவியில் படிக்க அனுமதி இல்லை என்கிறது திரை. கடைக்கு மின்னஞ்சல் போட்டால், கோளாறு கருவியில் இருக்கலாம் என்று பதில் வருகிறது. கருவி நிறுவனத்தைக் கேட்டால், கடையிடமே கேளுங்கள் என்கிறார்கள். மின்னூல் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல.

தாளில் அச்சான நூலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. படித்து முடித்ததும் அக்காவிடம் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் பிராஸ் பசா காம்ப்ளெக்சில் உள்ள பழைய புத்தகக் கடைக்குக் கொண்டு போகலாம். பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். மின்னூலில் இவையெல்லாம் பெரும்பாலும் முடியாமல் போவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் ஒரு பூட்டு. சுருக்கமாக டிஆர்எம் என்பார்கள். மின்னியல் உரிமை மேலாண்மை என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, நேர்மையாகப் பணம் கட்டியவரையே அது ஏன் அதிகம் படுத்துகிறது, வாங்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பூட்டுக்குள் ஒரு பூட்டு

பரவலாகப் புழங்கும் மின்னூல் வடிவத்தின் பெயர் ஈபப். உண்மையில் அது ஒரு ஸிப் கோப்பு. பிரித்துப் பார்த்தால் அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள், பொருளடக்கம் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் அதே குறியீட்டு மொழியில்தான் அத்தியாயங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்வது இதனால்தான்.

பூட்டிய நூலில், இந்த அத்தியாயக் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதற்குப் பயன்படுவது ஏஇஎஸ் என்னும் முறை. உங்கள் வங்கிச் செயலி தகவல்களைக் காக்கப் பயன்படுத்துவதும் இதே முறையைத்தான். இதன் சாவி 128 பிட் நீளம் என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

அந்தச் சாவியைக் கடை உங்களிடம் அப்படியே கொடுத்துவிடுவதில்லை. கொடுத்தால் நூலோடு சேர்த்துச் சாவியையும் நண்பர்களுக்கு அனுப்பிவிடலாம் அல்லவா? அதனால் நூலின் சாவியை இன்னொரு பூட்டுக்குள் வைக்கிறார்கள். இந்த இரண்டாவது பூட்டு உங்கள் கணக்குக்கென்றே ஆனது. இதற்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்றால் பூட்ட மட்டுமே முடியும். அது கடையிடம் இருக்கும். மற்றொன்றால்தான் திறக்க முடியும். பல கடைகள் பயன்படுத்தும் அடோபி நிறுவனத்தின் முறையில், உங்கள் கணக்கைக் கொண்டு கணினியையோ திறன்பேசியையோ பதிவு செய்யும்போது அந்த இரகசியச் சாவி கருவிக்குள் வந்து அமர்கிறது. எங்கே இருக்கிறது என்பது உங்கள் கண்ணில் படாது.

ஆக, ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் மூன்று பொருத்தங்கள் நடக்கின்றன. உங்கள் கருவி உங்கள் கணக்கோடு பொருந்த வேண்டும். கணக்கின் சாவி நூலின் சாவியைத் திறக்க வேண்டும். நூலின் சாவி அத்தியாயங்களைத் திறக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் திரையில் வெறும் மறுப்புதான் மிஞ்சும்.

தொல்லைகள் எங்கிருந்து வருகின்றன?

வாசகர்கள் சொல்லும் குறைகளில் பலவற்றை இந்த மூன்று பொருத்தங்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முதலாவது, கடைக்குக் கடை பூட்டு வேறு. அமேசானின் கிண்டில் தனக்கென்று தனி வடிவமும் தனிப் பூட்டும் வைத்திருக்கிறது. கோபோ போன்ற வேறு பல கருவிகள் அடோபியின் பூட்டை ஏற்கும். எனவே அடோபி பூட்டு போட்ட நூல் கிண்டிலில் திறக்காது. கிண்டில் கடையில் வாங்கிய பூட்டிய நூல் கோபோவில் திறக்காது. இரண்டிலும் இருப்பது ஒரே நாவலாக இருக்கலாம், ஒரு கமா கூட மாறாமல் இருக்கலாம். கருவியை மாற்ற நினைப்பவர் தம் நூலகத்தையே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கருவிகளின் எண்ணிக்கை. அடோபி முறையில் ஒரு கணக்கில் பொதுவாக 6 கருவிகளைத்தான் பதிவு செய்யலாம். நீரில் விழுந்து செத்துப்போன பழைய திறன்பேசியும் அந்தக் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியதைச் சேர்க்க வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டுக் கணக்கைச் சீர்செய்ய வேண்டும்.

மூன்றாவது, மறந்துபோன கணக்கு. வேலை மாறியதும் பழைய அலுவலக மின்னஞ்சல் முடங்கிவிடும். அந்த முகவரியில் வாங்கிய நூல்களின் சாவியும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

நான்காவது, நாடு. ஒரு நூலை வெளியிடும் உரிமையைப் பதிப்பகங்கள் நாடு வாரியாகப் பிரித்து விற்கின்றன. இது அச்சு நூல் காலத்து வழக்கம். கப்பலில் போன பெட்டிகளுக்கு அது பொருந்தியது. மின்னூல் கடையோ உங்கள் கணக்கின் முகவரியையும் கட்டண அட்டையையும் பார்த்து, இந்த நூல் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடும். ஜொகூர் பாருவில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாகக் கடற்பாலத்தைக் கடந்து வாழ்பவர்களுக்கு, எந்த முகவரியைக் கொடுப்பது என்பதே ஒரு கேள்வி.

கடை மனம் மாறினால்?

மேலே சொன்னவை எரிச்சல்கள். இனி வருவது அதைவிடப் பெரியது.

2009 ஜூலையில், அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த சிலரின் கருவியிலிருந்து அவர்கள் வாங்கிய நூல்கள் திடீரென மறைந்தன. அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்திருந்தது. அந்த நூல்களை விற்ற நிறுவனத்துக்கு அவற்றை அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை என்று தெரியவந்ததே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. மறைந்த நூல்கள் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. முதல் நூலில், அரசுக்குப் பிடிக்காத ஆவணங்கள் தீயில் போடப்படும் என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள்.

ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுத்தார். பாடத்துக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகள் தப்பியிருந்தன. ஆனால் அவை எந்த வரியைப் பற்றியவை என்று பார்க்க நூல்தான் இல்லை. அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் 150,000 அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. குறிப்பிட்ட சில சூழல்கள் தவிர இனி இப்படி அழிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல், மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. ஜூலையில் வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. சாவி கொடுக்கும் கணினிகளை நிறுத்தினால் பூட்டிய நூல் பயன்படாது என்பதே காரணம். அதுவரை வாங்கியவற்றுக்கு முழுப் பணமும், நூலில் குறிப்பு எழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் கிடைத்தன. பணம் திரும்பியது நியாயமே. ஆனால் ஓரங்களில் எழுதிய எண்ணங்களுக்கு 25 டாலர் ஈடாகுமா என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

வாங்கியது நூலா, அனுமதியா?

இந்த இரண்டு நிகழ்வுகளும் எப்படிச் சாத்தியமாயின? ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் பெறுவது பெரும்பாலும் படிப்பதற்கான உரிமம் மட்டுமே. கடையின் நிபந்தனைகளில் அது எழுதப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ஒரு சட்டம், பின்னாளில் பறிக்கக்கூடிய மின்னியல் பொருளை ‘வாங்கு’ என்று சொல்லி விற்பதானால், அது உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

சரி, பூட்டை நாமே உடைத்துவிட்டால்? 1996ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து நிறுவன உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளை உடைப்பதைச் சட்டத்தால் தடுக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டத்திலும் மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டத்திலும் அதற்கான பிரிவுகள் இருக்கின்றன. எனவே, நான் காசு கொடுத்த நூல்தானே என்ற வாதம் எல்லா இடத்திலும் செல்லாது.

பார்வையற்றோருக்கு இந்தப் பூட்டு இன்னும் கனமானது. 2009இல் கிண்டில் நூல்களை உரக்கப் படிக்கும் வசதியோடு வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அது ஒலிநூல் உரிமையைப் பாதிக்கும் என எதிர்ப்புத் தெரிவித்தது. பதிப்பகங்கள் விரும்பினால் அவ்வசதியை நூல்வாரியாக அணைத்துவைக்க அமேசான் அனுமதித்தது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவங்களுக்கு வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. சிங்கப்பூர் 2015இலும் மலேசியா 2022இலும் அதில் சேர்ந்தன.

பூட்டால் பயன் உண்டா?

பதிப்பகங்களின் அச்சம் வெற்று அச்சமல்ல. தமிழ் நூல்கள் அச்சாகும் படிகளே குறைவு. அதில் ஒன்றை வருடி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் சொற்ப வருமானமும் போய்விடும். நூலகங்கள் மின்னூலை இரவல் தருவதற்கும் பூட்டு உதவுகிறது. தவணை முடிந்ததும் நூல் தானாக மூடிக்கொள்வதால்தான் அடுத்தவருக்கு அது கிடைக்கிறது.

ஆனால் கள்ளப் பிரதியைத் தடுப்பதில் பூட்டுக்கு ஓர் அடிப்படைப் பலவீனம் உண்டு. சாதாரணமாக இரகசியச் செய்தி அனுப்பும்போது, அனுப்புபவர், பெறுபவர், ஒட்டுக்கேட்பவர் என மூவர் இருப்பார்கள். சாவி பெறுபவரிடம் இருக்கும், ஒட்டுக்கேட்பவரிடம் இருக்காது. மின்னூலில் கடை சந்தேகப்படுவதே பெறுபவரைத்தான். அவர் படிக்க வேண்டும் என்றால் சாவி அவர் கருவிக்குள் வந்தாக வேண்டும். பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருக்கும்போது, தேடத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். உலகில் ஒருவர் திறந்து இணையத்தில் போட்டால் போதும். மற்றவர்களுக்குப் பூட்டே இல்லாத பிரதி கிடைத்துவிடும். கடைசியில் ஆறு கருவிக் கணக்கோடும் மறந்த கடவுச்சொல்லோடும் மல்லுக்கட்டுவது பணம் கட்டியவர்தான்.

இதை உணர்ந்து வேறு வழி தேடியவர்களும் உண்டு. ஆப்பிள் 2009இல் ஐடியூன்ஸ் பாடல்களின் பூட்டை எடுத்துவிட முடிவு செய்தது. அறிவியல் புனைகதை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களின் பூட்டை நீக்கியது. அதே ஆண்டு ஹாரி பாட்டர் மின்னூல்கள் நீர்க்குறியோடு வந்தன. நீர்க்குறி என்பது வாங்கியவரை அடையாளம் காட்டும் குறியீட்டை நூலுக்குள் பதிப்பது. அது எதையும் தடுக்காது, பரப்பினால் யார் பிரதி என்று காட்டிக்கொடுக்கும். ரீடியம் எல்சிபி என்னும் முறையோ, ஒரு கடவுத்தொடரைக் கொண்டு, அதை ஏற்கும் எந்தச் செயலியிலும் நூலைத் திறக்க விடுகிறது.

வாங்கும் முன் கவனியுங்கள்

உங்கள் கருவி எந்த வடிவத்தை ஏற்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நூலின் விவரப் பக்கத்தில் டிஆர்எம் இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே ஒரு பிரதியைக் கணினியில் சேமித்துவையுங்கள். விலை கூடிய நூலென்றால் இலவச மாதிரியை இறக்கி உங்கள் கருவியில் திறந்து பாருங்கள். வேலையிடத்து மின்னஞ்சலில் கணக்குத் தொடங்காதீர்கள். பழைய திறன்பேசியை விற்கும் முன் அதன் பதிவை நீக்குங்கள். பற்றுச்சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடை மூடும் நாளில் பணம் திரும்பப் பெற அவை உதவும். நீங்கள் எழுதும் குறிப்புகளை அவ்வப்போது தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களையும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் எழுத்தாளர்கள் மனமுவந்து பொதுவில் தந்த நூல்களையும் பூட்டே இல்லாமல் தருகின்றன. ஒரு முறை இறக்கிவைத்தால் எந்தக் கடை மூடினாலும் அவை திறக்கும். காசு கொடுத்து வாங்கும் நூல்களில், உங்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பவற்றை மட்டுமாவது பூட்டில்லாத பிரதியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அந்தச் சிலவற்றைத் தாளில் வாங்கி அலமாரியில் வைப்பதே இன்றைக்குப் பாதுகாப்பு.