ரெண்டு அட்டை, ஒரே மாத்திரை: டாக்டரும் நர்ஸும் சேர்ந்து படிக்கிற நூலகம்

இன்னைக்கு எபிசோட் ஒரு மாத்திரை டப்பாவுல இருந்து ஆரம்பிக்குது.

என் அப்பத்தா காரைக்குடியில இருக்காங்க. வயசு 78. சர்க்கரைக்கு உள்ளூர்ல ஒரு டாக்டர், இதயத்துக்கு வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணும்போது சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து எழுதிக் குடுத்தாங்க. அவங்க ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்த அதே க்ளிமிபிரைட்தான், பிராண்ட் மட்டும் வேற. அப்பத்தாவுக்கு அது ஒண்ணு ரோஸ் மாத்திரை, இன்னொண்ணு பச்சை மாத்திரை. டாக்டர் சொன்னா ஒரு வேளைகூடத் தவறவிடாத ஆள். ரெண்டையும் விடாம சாப்பிட்டாங்க.

ஒருநாள் காலையில வளவுல தூணைப் பிடிச்சபடியே கீழ உட்கார்ந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுது. பக்கத்து வீட்டு ஆச்சி சர்க்கரைத் தண்ணி கலந்து குடுத்துட்டு, சுகர் கருவியில பார்த்தா 48. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்க இப்பவும் பயமா இருக்கு.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் பார்த்துட்டுப் போற நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க மெதுவா சொன்னாங்க: "நான் போன மாசமே பார்த்தேன் தம்பி. ரெண்டும் ஒரே மருந்துதான்னு தெரிஞ்சுச்சு. ஆனா ரெண்டு பெரிய டாக்டர் எழுதினது. நான் போய் எப்படிச் சொல்றது?"

முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, உள்ளூர் டாக்டர் எழுதினது சரி. வெளியூர் டாக்டர் எழுதினதும் சரி. மருந்துக்கடைக்காரர் சீட்டுல இருந்ததைத்தான் குடுத்தார். நர்ஸ் அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. நாலு பேரும் அவங்கவங்க பாடத்துல பாஸ். நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கணும்கிற பாடம் மட்டும் யாருக்கும் எங்கேயும் நடத்தப்படலை.

அந்தப் பாடத்துக்கு ஒரு பேர் இருக்கு: இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷன். நான் இந்த எபிசோட்ல 'சேர்ந்து படிப்பு'ன்னு சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கென்றே ஒரு செயல்திட்ட அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். ஒரே வகுப்பறையில் உட்கார வைத்து ஒரே லெக்சர் கேட்க வைப்பது இதில் சேராது. அது கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரிதான், பேர்கூடத் தெரியாமல் எழுந்து போயிடலாம்.

நம்ம ஊர்ல இது ஏன் கஷ்டம்? படிப்பே தனித்தனி சட்டத்துல நடக்குது. நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது, பார்மசி சட்டம் 1948-ல், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இப்போ தேசிய மருத்துவ ஆணையம், பிசியோதெரபி போன்ற துறைகளுக்கு 2021-ல்தான் ஒரு தேசிய ஆணையச் சட்டமே வந்தது. பாடத்திட்டம் வேற, பரீட்சை வேற. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லாரையும் ஒரே வார்டில் விட்டுட்டு, "டீமா வேலை பாருங்க"ன்னு சொல்றோம்.

சரி, சேர்ந்து படிக்கணும்னா பாடம் எங்கே இருக்கு? இங்கேதான் நூலகம் வருது. காரைக்குடிப் பக்கம் நூலகம்னு சொன்னாலே கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வந்துடும். பெயர்ப்பலகை எழுதுற ஓவியர், தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது இப்போ சென்னையில ஆராய்ச்சி நூலகமா இருக்கு. அதுல சித்த மருத்துவ நூல்களும் ஏராளம். ஒரு மனுஷன் சேர்த்தது ஊருக்கே பொதுவாச்சு. நான் சொல்லப்போற நூலகமும் அதே மாதிரி பொதுவுக்குத்தான், ஆனா இங்க சேர்க்கிறவங்க நிறைய பேர்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதற்கென ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். அவர்களுடைய இணைய நூலகத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் தான் நடத்திய பாடத்தையே ஏற்றி வைக்கலாம். இன்னொரு ஊர் நர்சிங் ஆசிரியர் அதை எடுத்துத் தன் மாணவர்களோடு நடத்திப் பார்க்கலாம். மாணவர்கள் நடித்துப் பழக நோயாளிக் கதைகள், குழுவாக வேலை செய்தார்களா என்று அளக்கும் கேள்வித்தாள்கள் எல்லாம் உண்டு. அமெரிக்க அரசு 2006-ல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சித் தொகுப்பு இலவசம். உலக சுகாதார நிறுவனமும் 2011-ல் நோயாளிப் பாதுகாப்புக்கு எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு பாடநூல் போட்டது.

டீம்ஸ்டெப்ஸில் எனக்குப் பிடிச்சது, மருத்துவ அறிவு எதுவும் இல்லாத ஒரு பக்கம். மேலே இருப்பவர் தப்புப் பண்ணுவதாகத் தோன்றினால் எப்படிப் பேசுவது? மூன்று படி. முதலில் "எனக்குக் கவலையா இருக்கு". அடுத்து "எனக்கு இது சரியாப் படலை". அப்பவும் கேட்கலைன்னா "இது நோயாளியோட பாதுகாப்பு விஷயம்". முதல் தடவை பதில் வரலைன்னா குறைஞ்சது ரெண்டாவது தடவையும் சொல்லணும்னு தனியா ஒரு விதியே இருக்கு.

இதை நர்ஸ் அக்காகிட்ட தமிழ்ல படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "'எனக்குச் சரியாப் படலை'ன்னு டாக்டர்கிட்டயா? நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?" சரி, நீங்களா இருந்தா எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாங்க. "சார், ஒரு டவுட் சார். இந்த ரோஸும் பச்சையும் ஒண்ணா சார்? பாட்டிக்குக் காலையில சுகர் 62 காட்டுச்சு. ஒண்ணை நிறுத்தட்டுமா சார்?"

கவனிச்சீங்களா? இதுல எல்லாமே இருக்கு. நிலைமை, ஆதாரம், என்ன செய்யலாம்கிற யோசனை. ஆஸ்பத்திரிகளில் எஸ்பார் என்று ஒரு பேச்சு முறை சொல்லிக் குடுப்பாங்க: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்தது. அக்கா அதைப் படிச்சதே இல்லை, கேள்வியா மாத்திச் சொல்லிட்டாங்க. ஆங்கிலப் பாடத்தை வரிக்கு வரி தமிழாக்கினா கிடைக்காத விஷயம் இது. அக்கா சொன்ன அந்த நாலு வரி நூலகத்துல ஏறணும்னு நான் நினைக்கிறேன்.

தாள் மட்டும் போதாதுங்கிறதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லாரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகும் சொல்லிக்கொள்ளும்படி இறப்பு குறையவில்லை. ஏன்னு இன்னும் சண்டை நடக்குது. என் கட்சி: டிக் அடிக்கிறதும் பேசுறதும் வேற வேற.

நம்ம பக்கத்துலயே இது நடக்கிற இடம் மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அங்கே பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளப்பது, கண்ணைத் தயார் செய்வது, அறுவை மேசைக்கு உதவுவது எல்லாம் அவர்கள். டாக்டர் ஒரு மேசையில் முடித்துத் திரும்பினால் அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். அடுத்தவர் வேலை அத்துப்படியா தெரியாம இந்த வேகம் வராது. அவர்களுடைய ஆரோசிக்ஷா இணையதளத்தில் கண் டாக்டருக்கும் உதவியாளருக்கும் நிர்வாகிக்கும் பாடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கு. கொரோனா நேரத்துல, 2020 ஏப்ரலில், மத்திய அரசும் தீக்ஷா தளத்தில் டாக்டரிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை எல்லாருக்கும் பாடங்களை ஒரே இடத்தில் போட்டது. அதனால இது வெளிநாட்டுச் சமாச்சாரம்னு ஒதுக்க முடியாது.

இப்போ தமிழ்நாட்டுக்கு இது ஏன் அவசரம்? 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், வலி நிவாரண நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் வீட்டு வாசலுக்கே வர்றாங்க. அந்த வாசல்ல இவங்க பேசிக்கிற மொழி தமிழ். நூலகமோ பெரும்பாலும் ஆங்கிலத்துல இருக்கு. சட்டச் சிக்கலும் அவ்வளவா இல்லை: 2016 நவம்பரிலிருந்து உலக சுகாதார நிறுவன வெளியீடுகள் பொதுவாகத் திறந்த உரிமத்தில் வருகின்றன. லாப நோக்கம் இல்லாமல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாரும் மொழிபெயர்க்கலாம். சிவகங்கையில் 2012-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. நர்சிங், பார்மசி மாணவர்களோடு அங்கே நாலு பேர் உட்கார்ந்தா, செட்டிநாட்டு வழக்குலயே பத்து நோயாளிக் கதை எழுதிடலாம். நான் அப்பத்தா கதையை இலவசமாத் தர்றேன்.

வீட்டுல என்ன பண்ணினோம்னு கேட்பீங்க. மாத்திரை டப்பாவோட ஒரு 80 பக்க நோட்டைக் கயிறு போட்டுக் கட்டிட்டோம். யார் மருந்து எழுதினாலும், மாத்தினாலும், அதுல எழுதணும். மருந்துக்கடை அண்ணன்கிட்ட முதல்ல கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, பிராண்ட் பேர்களை அடிச்சிட்டு, பக்கத்துல க்ளிமிபிரைட், க்ளிமிபிரைட்னு ரெண்டு தடவை தமிழ்ல எழுதினார். எழுதி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். "இதை நானே பார்த்திருக்கணும் தம்பி"ன்னார். உள்ளூர் டாக்டர் பச்சையை நிறுத்தினார், ரெண்டாவது பக்கத்துல கையெழுத்தும் போட்டார். மூணாவது பக்கத்துல நர்ஸ் அக்கா எழுதியிருக்காங்க: "காலை சுகர் 118. கால் வீக்கம் இருக்கு. இதய டாக்டர் பார்க்கணுமா சார்?"