குருக்கள்மடத்துப் பாதையும் தொலைந்துபோன மோட்டார் சைக்கிளும்

எங்கள் ஊர்ப்பக்கம் ‘பாதை’ என்றால் றோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் அந்தப் பேர். செட்டிபாளையத்துக்கு அடுத்த ஊர் குருக்கள்மடம். அங்கே துறையில் ஏறினால் அக்கரையில் படுவான்கரைப் பக்கத்து அம்பிளாந்துறை. சனம் கூடின நாளில் வரிசை நீளும். பொறுமை கெட்டவர்கள் நடுவிலேயே சைக்கிளைக் கிறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வரிசையைத்தான் அக்காவின் மகன் கம்பஸ் ஒப்படைக்காக சி மொழியில் எழுதியிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு லெப்டொப்போடு வந்து நின்றான்.

“மாமா, என்ட மெஷின்ல வடிவா ஓடுது. லேப்ல விழுது. அங்க மெஷின் பழுது போல.”

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறவன். மெஷின் பழுது என்ற கதையை மாதத்தில் நாலு தரமாவது கேட்கிறேன். பழுதான மெஷினைத்தான் இன்னும் காணவில்லை.

வரிசையைக் கணினிக்குள் வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இலக்கம் போட்ட கொப்பி. நடுவில் ஒருவர் விலகினால் கீழே உள்ள எல்லோரையும் ஒவ்வொரு வரி மேலே தூக்கி எழுதவேண்டும். மற்றது, கொப்பியே இல்லாத வழி. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சங்கதி மட்டும் தெரியும்: எனக்குப் பின்னால் நிற்பது யார். முதல் ஆளைப் பிடித்தால் அவர் இரண்டாவது ஆளைக் காட்டுவார், அவர் மூன்றாவது ஆளை. கடைசி ஆள், பின்னால் ஒருவரும் இல்லை என்பார். இதுதான் லிங்க்ட் லிஸ்ட். காட்டுகிற விரல்தான் பொயின்டர். அது காட்டுவது முகத்தை அல்ல, நினைவகத்தில் ஓர் இடத்தின் இலக்கத்தை. அலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் 1955, 56 அளவில், தர்க்கத் தேற்றங்களை நிறுவுகிற ஒரு புரோகிராமுக்காக இதை உண்டாக்கினார்கள்.

நடுவில் ஒருவர் விலகினால் அவருக்கு முன்னால் நிற்பவரின் விரலை மட்டும் திருப்பினால் போதும். வசதி அதில்தான், வில்லங்கமும் அதில்தான். விரலைத் திருப்ப மறந்தால் போன ஆளின் வெறும் இடத்தையே அது காட்டிக்கொண்டு நிற்கும்.

மருமகனின் புரோகிராமில் நடந்தது அதற்குக் கிட்டத்தான். மாலையில் துறை மூடும்போது மிச்ச வரிசையைக் கலைக்கிற பகுதியில் இரண்டு வரி. முதல் வரி, இந்த ஆள் நின்ற இடத்தை விட்டுவிடு. இரண்டாம் வரி, இந்த ஆளிடம் அடுத்தவர் யாரென்று கேள். ஆளை அனுப்பிவிட்டு ஆளிடம் கேள்வி!

அப்படியென்றால் அவனுடைய மெஷினில் எப்படி ஓடியது? இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று ரசித்தேன். விடுவிக்கப்பட்ட இடத்தைக் கணினி உடனே கூட்டித் துப்புரவாக்குவதில்லை. அவனுடைய லெப்டொப் லினக்ஸ். அதில் நினைவகத்தைப் பங்கிடுகிற பகுதி, காலியான இடங்களைத் தானே ஒரு லிங்க்ட் லிஸ்டாகக் கோத்து வைக்கும். அந்தக் கோர்வைக்கு வேண்டிய குறிப்பை, காலியான இடத்தின் முதல் பதினாறு பைட்டிலேயே எழுதிவிடும். ஒவ்வோர் ஆளுக்கும் அவன் அமைத்திருந்த பெட்டியில் முதல் பதினாறு பைட் மோட்டார் சைக்கிளின் இலக்கம். ‘அடுத்தவர்’ அதற்குப் பிறகு. இலக்கம் அழிந்தது, விரல் பிழைத்தது. அதனால் வரிசை கடைசிவரை ஓடி, ஒன்றுமே நடக்காத மாதிரி முடிந்தது. லேபில் இருந்தது விஷுவல் ஸ்டூடியோ. பிழைதிருத்தும் நிலையில் ஓடும்போது அது காலியான இடம் முழுவதையும் ‘டிடி’ என்ற பதினாறடிமான இலக்கத்தால் நிரப்பிவிடும். விரல் இருந்த இடத்தில் டிடிடிடி. அப்படி ஒரு முகவரிக்குப் போனால் விழாமல் என்ன செய்யும்?

“அப்ப லேப் மெஷின்தான் உண்மை சொல்லியிருக்கு மனே,” என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

விழுகிற புரோகிராம் நல்ல புரோகிராம் என்பது என் கட்சி. விழாமல் பிழையான விடையைச் சிரித்துக்கொண்டு தருவதுதான் ஆபத்தான சாமான். விழுகிறதும் சில நேரம் உலகத்துக்கே கேட்கும். 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் பல மணிநேரம் தடுமாறியது. வெறும் கட்டங்களோடு ஒரு பதிவு உள்ளே வர, அதைச் சரிபார்க்காத ஒரு துண்டு புரோகிராம் ‘ஒருவரும் இல்லை’ என்ற பொயின்டரைப் பிடித்துக்கொண்டு போய் உலகம் முழுக்க விழுந்தது. அந்த ‘ஒருவரும் இல்லை’யை 1965இல் அல்கோல் டபிள்யூ மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர். சேர்ப்பது லேசாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது தன்னுடைய நூறு கோடி டொலர்த் தவறு என்றும் 2009இல் அவரே சொன்னார்.

பிழையைப் பிடிக்க நான் முதலில் எடுத்தது கலண்டர்த் தாள். மூன்று பெட்டி, மூன்று அம்பு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அம்பை அழித்து ஓர் அம்பைக் கீறச் சொன்னேன். இரண்டாம் வரியிலேயே பென்சில் நின்றுவிட்டது. அழித்த பெட்டிக்குள் இருந்து எப்படி அம்பு கீறுவது? வரிகளை இடம் மாற்றுவது மட்டும் காணாது. அடுத்தவர் யாரென்பதை முதலில் ஒரு தனிப் பெட்டியில் குறித்துக்கொண்டு, அதன்பிறகுதான் ஆளை அனுப்பவேண்டும்.

தாளுக்குப் பிறகுதான் கருவி. லினக்ஸில் கம்பைலருக்கு ஒரு சொல்லைக் கூடச் சேர்த்தால் அட்ரஸ் சானிடைசர் வேலை செய்யும். போன ஆளின் இடத்தைத் தொட்டவுடன் புரோகிராமை நிறுத்திவிட்டு மூன்று இடத்தைக் காட்டும்: எங்கே தொட்டாய், எங்கே விட்டாய், முதலில் எங்கே வாங்கினாய். பொயின்டர்ப் பிழையில் குற்றம் நடந்த இடம் ஒன்று, பிணம் கிடக்கிற இடம் வேறொன்று. இரண்டையும் ஒரே திரையில் காட்டுகிற கருவி ஒன்று வந்த பிறகும், திரையில் கண்டபடி அச்சடித்து அச்சடித்துத் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அவன் சந்தோஷமாக எழும்பும்போது கேட்டேன்: “வரிசையில கடைசியா நிற்கிறவர் விலகினா?”

புதிதாக வருகிறவரைச் சேர்க்கச் சுகம் என்று ‘கடைசி’ என்றொரு பொயின்டரையும் வைத்திருந்தான். கடைசி ஆள் போன பிறகும் அது போன ஆளையே காட்டியது. சானிடைசர் இல்லாமல் ஓட்டியபோது, அடுத்து வந்த மோட்டார் சைக்கிளை அந்த இல்லாத ஆளுக்குப் பின்னால் கட்டிவிட்டு, புரோகிராம் மௌனமாக இருந்தது. முதல் ஆளிடமிருந்து கேட்டுக்கொண்டே போனால் அந்த மோட்டார் சைக்கிள் எங்கேயும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் நாலு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு சி மொழி தெரியவேண்டியதில்லை. முதல் ஆள் விலகினால்? கடைசி ஆள் விலகினால்? ஒரே ஓர் ஆள் நின்று அவரும் விலகினால்? துறையில் ஒருவருமே இல்லாவிட்டால்?