உம்மாவின் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள்

உம்மாவுக்கு ஞாபகமறதி என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோம். அறிக்கையில் 'வைட் மெட்டர் சேஞ்சஸ்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. உம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்ற பயம்தான்.

மூளையின் மேற்பரப்பில் நரம்புக் கலங்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நார்கள் உள்ளே ஓடுகின்றன. மின்சார வயருக்கு உறை இருப்பதைப் போல இந்நார்களுக்குக் கொழுப்பு உறை உண்டு. அதன் நிறத்தாலேயே இப்பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். இதற்கு இரத்தம் கொண்டுசெல்பவை மிக நுண்ணிய குழாய்கள். முதுமையாலும், முக்கியமாகப் பல வருடப் பிரஷராலும் இவை தடித்து ஒடுங்கும்போது உறையும் நாரும் பழுதடைகின்றன. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான்.

1987இல் கனடிய மருத்துவர் ஹச்சின்ஸ்கியும் சகாக்களும் இதற்கு 'லியூக்கோஅராயோசிஸ்' எனப் பெயரிட்டார்கள். வெண்பொருள் ஐதாகியிருக்கிறது என்பதே பொருள். காண்பதைச் சொல்லும் பெயரேயன்றி, நோயின் பெயரல்ல. அறுபதைத் தாண்டிய பெரும்பாலானோரிடம் சிறிதளவாவது இது இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு என்பதே. ஃபசேகாஸ் என்ற அளவுகோலில் சிறு புள்ளிகளுக்கு 1, அவை சேரத் தொடங்கினால் 2, பெருந்திட்டுகளானால் 3. மூன்று என்றால் அலட்சியம் கூடாது. அப்படியானவர்களிடம் மறதியைவிட மந்தமே முந்தித் தெரியலாம். நடை தளரும், பதில் சொல்லத் தாமதமாகும், பழகிய சமையலிலேயே எதை முதலில் செய்வது என்று தடுமாறுவார்கள், சிறுநீரை அடக்க முடியாது போகும். இதையெல்லாம் "வயசு போனால் அப்படித்தான்" என்று நாம் தள்ளிவிடுகிறோம். அல்சைமர் நோயும் கூடவே இருக்கலாம் என்பதால், ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

விழுந்த புள்ளிகளை அழிக்க மருந்தில்லை. பெருகுவதைக் குறைக்க வழியுண்டு. அமெரிக்காவில் பிரஷர் உள்ள 9,361 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மேல் அளவை 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட, 120க்குக் கீழ் இறக்க முயன்றவர்களிடம் புள்ளிகள் குறைவாகவே பெருகின. லேசான அறிவுத்திறன் குறைபாடும் குறைந்தது. டிமென்ஷியா குறைந்ததாக மட்டும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. சீனி வருத்தமுள்ளோரும் பாரிசவாதம் வந்தோரும் அதில் சேர்க்கப்படவில்லை.

பிரஷர் அதிகம் இறங்கினால் வயதானவர்கள் தலைசுற்றி விழவும்கூடும். எந்த அளவு பொருந்தும் என்பதை டொக்டரிடமே கேளுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் படம் இருந்தால் மறவாமல் கொண்டுபோங்கள். புள்ளிகள் கூடியுள்ளனவா என்பதை ஒப்பிட்டால்தான் தெரியும்.