விடுமுறையில் தாயகம் வரும் சகோதரர்களுக்கு...

ரமலான் மாதத்திலும் கோடை விடுமுறையிலும், வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் வாழும் நம் சகோதரர்கள் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள தம் சொந்த ஊர்களுக்குக் குடும்பத்துடன் வருகின்றனர். வந்த இடத்தில், ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஓர் இல்லத்திற்கும் சென்று வர வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவர்களுள் பலருக்கு உண்டு. பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறு வயதில் அன்னையையும் இழந்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இவ்வெண்ணம் இயல்பானதே. எனினும், எவ்வாறு செல்வது, சென்ற பின் என்ன செய்வது என்பவை சிந்திக்கத் தக்கவை.

கல்லுப்பட்டி காட்டும் வழி

நம் தேனி மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலையடிவாரத்தில் ஜி. கல்லுப்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. 1925இல் பிரிட்டனில் பிறந்த ஜேம்ஸ் கிம்ப்டன் என்னும் கிறிஸ்தவத் துறவி, இலங்கையில் பணியாற்றிவிட்டு, 1960களில் மதுரைக்கு வந்தார். 1970களில் இவ்வட்டாரத்தில் 'ரீச்சிங் தி அன்ரீச்ட்' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெரிய கூடமொன்றில் வரிசையாகப் படுக்க வைக்கும் முறையை அவர் விரும்பவில்லை. தனித்தனி வீடுகள் கட்டி, வீட்டுக்கு ஒரு வளர்ப்புத் தாயை அமர்த்தி, சில பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தார். பள்ளிக்கூடங்களும், ஏழைகளுக்கு வீடுகளும், குடிநீர்க் கிணறுகளும் அமைந்தன. 2017இல் மறையும் வரை அவர் அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்தார்.

மார்க்கத்தால் அவர் வேறானவர். ஆயினும் அவர் வாழ்வில் நமக்கொரு பாடம் உண்டு. அநாதைப் பிள்ளைக்குச் சோறும் துணியும் மட்டும் போதா; நாளை காலையிலும் அதே முகம் தன்னை எழுப்பும் என்ற உறுதி வேண்டும். ஒரு மணி நேரம் வந்து செல்லும் விருந்தினரால் அவ்வுறுதியைத் தர இயலுமா?

பிள்ளைகள் காட்சிப் பொருளா?

பிரியாணிப் பொட்டலத்துடன் செல்கிறோம். பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர், பாட்டுப் பாடுகின்றனர். நாம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நம் பிள்ளை உண்ணும்போது அந்நியர் ஒருவர் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால் பொறுப்போமா? கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் கொடையின் நன்மை அழிந்துவிடும் என்பதை நம் மதரஸாக்களில் சிறுவர்களும் அறிவர். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது.

தாய் இருக்கும் பிள்ளை

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் அனைவரும் பெற்றோர் இருவரையும் இழந்தவரல்லர். அத்தாவை இழந்து, அம்மா கூலி வேலைக்குச் செல்லும் பிள்ளைகளும் அங்கு உண்டு. வறுமை ஒன்றே அவர்களைத் தாயிடமிருந்து பிரித்திருக்குமானால், அந்தத் தாய்க்கு மாதந்தோறும் உதவுவதல்லவா சிறந்த உதவி? இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அச்சட்டமும் கூறுகிறது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்ட கைம்பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள் முதலியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் தர்மமே.

கொடுக்கும் முன்

பிள்ளைகள் தங்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்; நேர்மையானவர்கள் இதனால் வருந்தமாட்டார்கள். ஜகாத் பணமெனில் அதைச் சொல்லிக் கொடுங்கள். உரியவர்களுக்கு அது தனியே சேர வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமை உடையவர், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நியக் குடியுரிமை பெற்றுவிட்டவரின் கொடை அவ்வாறாகும். அதற்கென அனுமதி பெற்ற நிறுவனங்களே அதைப் பெறலாம். இவ்வேறுபாட்டை அறியாமல் அனுப்பினால், நன்மை செய்யப் போய் நிறுவனத்தை இன்னலில் ஆழ்த்திவிடுவோம்.

உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை அறியாதார் இப்பள்ளத்தாக்கில் இல்லை. கொடை நிலைத்து நின்றால் தலைமுறைகள் பயன்பெறும் என்பதற்கு அது சான்று. அத்தகைய பெருங்கொடை எல்லோராலும் இயலாது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பள்ளிப் படிப்பு முடியும் வரை ஏற்பது பலரால் இயலும்.

ஆகவே சகோதரர்களே, இம்முறை சென்றால் படக்கருவியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுடன் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். விடைபெறும்போது, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் உங்களால் தவறாமல் அனுப்ப இயலும் தொகை எவ்வளவோ, அது சிறியதாயினும், அதனை மட்டும் வாக்களியுங்கள். வாக்களித்ததை நிறைவேற்றுங்கள்.