குழந்தைத்தனமா, குழந்தை மனசா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள். மொட்டை மாடியில் உலர்த்திய துணிகளை எடுக்கப் போன நான், மூன்று வயது மகளோடு சேர்ந்து மழையில் ஓர் ஆட்டம் போட்டுவிட்டேன். சொட்டச் சொட்டக் கீழே வந்தால், கூடத்தில் விருந்தாளிகள்! "என்ன இது, சைல்டிஷ்ஷா!" என்றார் என்னவர், அவர்கள் எதிரிலேயே. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அட, இரண்டு சொற்கள் இருக்கின்றனவே! 'சைல்டிஷ்' பழைய சொல். முதலில் 'குழந்தைக்குரிய' என்றுதான் பொருள். பிறகுதான் வளர்ந்தவர்களைக் குறை சொல்வதாயிற்று. 'சைல்ட்லைக்' 16-ம் நூற்றாண்டில் வந்தது. கள்ளமின்மை, வியப்பு போன்ற குணங்களை மெச்சிச் சொல்வது. தமிழிலும் அப்படித்தானே? 'சிறுபிள்ளைத்தனம்' என்றால் திட்டு; 'குழந்தை மனசு' என்றால் பாராட்டு.

ஆக, மழையில் ஆடியது சைல்ட்லைக். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் சைல்டிஷ்! அவரிடம் சொன்னேன். "நாலு பேர் எதிரில் நான் சொன்னதும் அதே ரகம்தான்" என்று சிரித்துவிட்டார்.

இன்னொன்று, தாய்மார்களே. பொம்மைக்காகத் தரையில் புரண்டு அழும் குழந்தையைச் 'சைல்டிஷ்' என்று திட்டாதீர்கள். ஆசையையும் கோபத்தையும் அடக்கும் மூளைப்பகுதி முழுதாக வளர 20 வயதுக்கு மேலாகிறது. அது குழந்தையாக இருக்கிறது, அவ்வளவுதான். அழுகை ஓயும்வரை பக்கத்தில் இருங்கள். பொறுமை பெரியவர்கள் பங்கு!