கிளை பிரியும் இடத்தைப் பாருங்கள்

மரம் வரையச் சொன்னால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? இரண்டு கோடுகள், அவற்றின்மேல் மேகம் போல ஒரு பந்து. அது வேம்பா, புளியா என்று கேட்டால் விடை இல்லை!

மரத்தை வரைய முதலில் அதன் எலும்புக்கூட்டை அறிய வேண்டும். இலையுதிர்ந்து நிற்கும் இலவ மரம் இதற்கு மிகவும் ஏற்றது. அதன் கிளைகள் தண்டைச் சுற்றி ஒரே மட்டத்திலிருந்து கிடையாக நீளும். அடுக்கின்மேல் அடுக்காக அமையும். வேம்பில் இந்த ஒழுங்கு கிடையாது.

கையை நேராக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரத்தின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் தண்டையும் பெருங்கிளைகளையும் குறியுங்கள்.

இங்கேதான் பலரும் தவறுவார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள தண்டு இரண்டு சமக் கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் விட்டம் என்ன? 15 என்பீர்கள். மரமோ ஏறக்குறைய 21 என்கிறது! கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளைக் கூட்டினால் தண்டின் பரப்பு வரும் என்று லியனார்டோ டா வின்சி (1452–1519) தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 30-இன் வர்க்கம் 900. 21-இன் வர்க்கம் 441, அதன் இருமடங்கு 882. கணக்குச் சரிதானே? காற்றின் விசையைத் தாங்கவே மரம் இவ்வாறு வளர்கிறது என்று 2011-இல் கிறிஸ்டோஃப் எலாய் என்ற இயற்பியலாளர் விளக்கம் தந்தார். எல்லா மரங்களும் இவ்விதிக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. ஆலமரத்தில் விழுது ஊன்றிய இடத்துக்கு அப்பால் கிளை மேலும் தடித்திருப்பதும் உண்டு.

ஆகவே ஒரு கிளை அடுத்த கவடு வரும்வரை பெரும்பாலும் ஒரே பருமனாகவே செல்லும். பிரிந்த பின்னரே மெலியும். ஊசி போலக் கூராக்கிக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்து, மை. இந்தியன் இங்க் நன்று. ஆனால் அதை ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். நிப்பைத் தொட்டுத் தொட்டே வரைய வேண்டும். மையில் சாம்பல் நிறம் இல்லை. கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தில் தாளை வெறுமையாகவே விடுங்கள். இலைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். கொத்துகளின் ஓரத்தில் மட்டும் சிலவற்றைக் காட்டினால் போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். மை நன்றாக உலர்ந்த பிறகே பென்சில் கோடுகளை அழியுங்கள்.